பக்கத்தில் வீடு கிடையாது

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்று வீட்டில் சொல்வார்கள். இல்லை என்று நான் வாதாடப் போனதில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராகச் சேர்ந்த பிறகு, வலியில் துடிக்கிற யாரிடமும் எனக்குக் கோபம் வந்ததில்லை. அவர்கள் கடித்தாலும் சரி, உதைத்தாலும் சரி. வழி சொல்லத் தெரியாதவர்களிடம்தான் வரும்.

நூற்றெட்டை அழைத்தால் போனைச் சென்னையில் எடுப்பார்கள். மாவட்டம், தாலுகா, ஊர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, கடைசியில் பக்கத்தில் அடையாளம் என்ன என்பார்கள். அந்தக் கடைசிக் கேள்வியில்தான் எங்கள் பாடு இருக்கிறது. குமரி மாவட்டத்தில் கதவு எண்ணை வைத்து வீட்டைக் கண்டுபிடித்த மனிதர் இன்னும் பிறக்கவில்லை. ஒருத்தர் வாழைத்தோட்டத்துக்கு எதிர்வீடு என்பார். இங்கே எந்த வீட்டுக்கு எதிரில்தான் வாழை இல்லை? இன்னொருத்தர் பச்சை பெயின்ட் அடித்த வீடு என்பார். போய்ப் பார்த்தால் போன கோயில் கொடைக்கே மஞ்சள் அடித்திருப்பார்கள். இருக்கிறதில் நம்பகமான அடையாளம் பக்கத்து வீடுதான். இன்னார் வீட்டுக்கு அடுத்த வீடு என்று சொல்லிவிட்டால், வழியில் யாரைக் கேட்டாலும் கையை நீட்டிக் காட்டிவிடுவார்கள்.

அந்தப் பக்கத்து வீட்டைத்தான் அன்றைக்கு இரண்டு பேர் இல்லவே இல்லை என்று சொன்னார்கள்.

எங்கள் வண்டி அப்போது பூதப்பாண்டியில் நின்றிருந்தது. வைகுண்டராஜன் அண்ணன் காலைப் பலகாரத்துக்கு வாங்கிவந்த பொதியைப் பிரித்துக்கொண்டிருந்தார். எங்கள் வேலையில் டிரைவரைப் பைலட் என்பார்கள். அந்தப் பெயர் கிடைத்ததில் அண்ணனுக்கு உள்ளூரப் பெருமை உண்டு. முதல் அழைப்பு வந்ததும் இட்லியை அப்படியே மடித்து வைத்தார். பாசனக் கால்வாயை ஒட்டிய சானல்கரையில் ஒருவருக்கு நெஞ்சு வலி. அடையாளம் கேட்டதற்கு, சானல் வளைவில் தனி வீடு, பக்கத்தில் வேறு வீடு கிடையாது என்று சொல்லியிருந்தார்கள். அண்ணன் வழக்கம்போல தம் சாமியை நினைத்து 'அய்யா உண்டு' என்று சொல்லிச் சாவியைத் திருகினார்.

கடைத்தெருவைத் தாண்டியிருக்க மாட்டோம், கட்டுப்பாட்டு அறையிலிருந்து மறுபடியும் பேசினார்கள். அதே இடத்திலிருந்து இன்னொரு அழைப்பு வந்திருக்கிறதாம். அதே சானல் வளைவு, அதே தனி வீடு, பக்கத்தில் வேறு வீடு கிடையாது. பேஷண்ட் நிறைமாதக் கர்ப்பிணி, வலி எடுத்துவிட்டது. நெஞ்சு வலியும் உண்டா என்று கேட்டு, உண்டு என்று அவர்கள் உறுதி செய்தும்விட்டார்களாம்.

நிறைமாதத்தில் நெஞ்சு வலி. அது என்னவாக வேண்டுமானாலும் இருக்கலாம், எதுவாக இருந்தாலும் இரண்டு உயிர். ஓடுகிற வண்டியிலேயே ஆக்ஸிஜனைச் சரிபார்த்தேன், பிரசவப் பெட்டியை எடுத்து வைத்தேன், போனில் மருத்துவரைத் தயாராக இருக்கச் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு என்னென்ன ஆகக்கூடும் என்று யோசித்து யோசித்து, சானல்கரை வருவதற்குள் எனக்கே நெஞ்சு வலித்தது.

வளைவில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் தோளில் கிடந்த துவர்த்துத் துண்டை வீசிக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பத்தடி தள்ளி, கைலியை மடித்துக் கட்டிய ஓர் இளைஞனும் கையை வீசிக்கொண்டு நின்றான். சரி, ஒரே வீட்டு ஆட்கள் என்று நினைத்தேன். வண்டி நின்றதும் அம்மாள் ஒரு கதவைப் பிடித்தாள், அவன் மறுகதவைப் பிடித்தான். பேஷண்ட் எங்கே என்று கேட்டேன். அவள் வலப்பக்கம் கையைக் காட்டினாள், அவன் இடப்பக்கம் காட்டினான். நடுவே ஆள் உயரத்துக்கு மேல் ஒரு மதில், மதில் உச்சியில் வரிசையாகக் கண்ணாடிச் சில்லு. மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு, இந்தப் பக்கம் ஒரு வீடு.

அம்மாள் என் கையைப் பிடித்து இழுத்த வேகத்தில் வலப்பக்க வீட்டுக்குள் போய்விட்டேன். கர்ப்பிணியைத் தேடி வந்தவள் நான். கட்டிலில் நரைத்த மீசையோடு ஒருவர் வேர்வையில் குளித்துக் கிடந்தார். நான் அவரைப் பார்க்கிறேன், அவர் என்னைப் பார்க்கிறார். அப்போது மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் வாய்விட்டு அலறினாள். எனக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது.

முழுக் கதை பிறகு தெரிந்தது. கட்டிலில் கிடந்தவர் முத்துக்குமாரசாமி, துவர்த்து வீசியவள் அவர் மனைவி பகவதியம்மாள். கைலிக்காரன் ராஜகுமார், முத்துக்குமாரசாமியின் சொந்தத் தம்பி மகன். தம்பி காலமாகிவிட்டார், சண்டை மட்டும் காலமாகவில்லை. ரோட்டிலிருந்து ராஜகுமார் வீட்டுக்குப் போகிற வழி யாருடையது என்று வழக்கு. வழக்குப் போட்ட சூட்டோடு பெரியவர் மதிலைக் கட்டிவிட்டார். மிச்சமான சந்தில் ஒரு ஸ்கூட்டர் போகும், அதுவும் கண்ணாடியை மடக்கினால். மதில் எழுந்த நாளிலிருந்து அந்த வீட்டைப் பொறுத்தவரை இந்த வீடு கிடையாது, இந்த வீட்டைப் பொறுத்தவரை அந்த வீடு கிடையாது. அதனால் சென்னையிலிருந்து ஒரு பெண் பக்கத்தில் யார் வீடு என்று கேட்டபோது, உயிர் போகிற அவசரத்திலும் பகவதியம்மாள் பக்கத்தில் வீடு கிடையாது என்றாள். கொஞ்ச நேரம் கழித்து ராஜகுமாரும் அதையேதான் சொன்னான். நெஞ்சு வலியும் உண்டா என்று கேட்டதற்கு, மனைவி நெஞ்சை அடைக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்ததால் உண்டு உண்டு என்றும் சொல்லிவிட்டான். சென்னையில் இருக்கிறவர்கள் என்ன செய்வார்கள்? சானல் வளைவில் ஒரு வீடு, அதில் ஒரு பேஷண்ட் என்று முடிவு கட்டினார்கள்.

ஒரு வண்டி, இரண்டு பேஷண்ட். கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டு இன்னொரு வண்டி கேட்டேன். பக்கத்து வண்டி தோவாளையிலிருந்து ஒரு விபத்துக் கேஸோடு போய்க்கொண்டிருந்தது. அது இறக்கிவிட்டுத் திரும்பி வருகிற வரைக்கும் பெரியவரின் நெஞ்சும் பொறுக்காது, வயிற்றுப் பிள்ளையும் பொறுக்காது. பெரியவருக்கு ஈசிஜி கருவியை மாட்டிப் பார்த்து, கண்டதைச் சொன்னேன். போனில் இருந்த மருத்துவர் மாரடைப்புதான் என்றார். அவர் சொன்ன மாத்திரையை மென்று விழுங்கக் கொடுத்துவிட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் ஓடினேன். ராஜகுமாரின் மனைவி நந்தனாவுக்கு இது இரண்டாவது பிரசவம். மூத்தவள் அஞ்சு பள்ளிக்கூடம் போயிருந்தாள். இரண்டாவது பிள்ளை வரப் புறப்பட்டால் ஆளைக் காத்திருக்கவிடாது. இரண்டு பேரையும் ஒரே வண்டியில் ஏற்றுகிறேன் என்று மருத்துவரிடம் சொன்னேன். அவரும் வேறு வழி இல்லை, ஏற்று என்றார்.

ஏற்றுவதற்கு முன் வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்டேன். கேட்காமல் போயிருந்தால் என் மண்டை வெடித்திருக்கும்.

"பக்கத்துல வீடு கிடையாதுன்னு சொன்னது யாரு?"

 பகவதியம்மாள், அவனிடம் அல்ல, என்னிடம், அங்கே யாருக்கு என்ன என்று மெல்லக் கேட்டாள். ராஜகுமாரும் என்னிடம்தான், பெரியப்பாவுக்கு என்ன என்று கேட்டான். இத்தனை அவசரத்தில் நான் நடுவே தபால்காரியாக வேறு நின்றேன். பிரசவ வலி, மாரடைப்பு, இரண்டு பேரும் இந்த வண்டியில்தான் வரப்போகிறார்கள், இஷ்டமில்லாதவர்கள் இங்கேயே நின்றுகொள்ளலாம் என்றேன். யாரும் பின்வாங்கவில்லை.

பெரியவரை ஸ்ட்ரெச்சரில் ஏற்றினோம். நந்தனாவுக்கு ஸ்ட்ரெச்சர் அந்தச் சந்தில் நுழையாது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, முன்னால் ராஜகுமாரும் பின்னால் அண்ணனுமாகத் தூக்கி வந்தார்கள். மதிலில் உரசி ராஜகுமாரின் முட்டியெல்லாம் தோல் உரிந்தது. பனங்காயையும் பங்காளியையும் பதம் பார்த்துத்தான் வெட்டணும் என்று அண்ணன் முணுமுணுத்தார். அவர் எந்தப் பக்கத்துக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. ராஜகுமாரை முன்னால் அண்ணன் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். பின்னால் என்னோடு பகவதியம்மாள் இருந்தாள், ஸ்ட்ரெச்சரில் அவள் கணவர், பக்கத்துப் பலகையில் நந்தனா. இருவருக்கும் நடுவே இப்போது மதில் இல்லை. என் முழங்கால் போகிற இடம்தான் இருந்தது.

ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு அண்ணன் விரட்டினார். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். பகவதியம்மாள் அவர் கையைப் பிடித்தபடி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தாள். இறச்சகுளம் வருவதற்கு முன்பே நந்தனா என் கோட்டைப் பிடித்து இழுத்தாள். பார்த்தேன். பிள்ளையின் தலை வந்துகொண்டிருந்தது. அந்த ஒடுங்கிய பலகையில் பிரசவம் பார்க்க முடியாது. ஸ்ட்ரெச்சரில் மாரடைப்புக்காரர். 

பெரியவர் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பிள்ளைய இதுல கிடத்து மக்ளே. நான் இருந்துக்கிடுவேன்."

எழும்பக் கூடாது என்று நான் சொல்வதற்குள் ஒரு கையை ஊன்றிவிட்டார். அண்ணன் வயலோரமாக ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி ஓடி வந்தார். நாங்கள் இருவருமாகப் பெரியவரை அசையவிடாமல் தூக்கி என் இருக்கையில் சாய்த்து உட்காரவைத்தோம், ஆக்ஸிஜனை மாட்டினோம். நந்தனாவை ஸ்ட்ரெச்சருக்கு மாற்றினோம். இனி பிரச்சினை என்னவென்றால் எனக்கு இரண்டு கைதான். இரண்டும் நந்தனாவிடம் போய்விட்டால், என் முதுகுக்குப் பின்னால் இருக்கிற மனிதர் இருக்கிறாரா போய்விட்டாரா என்று எனக்கு எப்படித் தெரியும்?

"மாமா, உங்களப் பாக்க எனக்குக் கண்ணு கிடையாது, காதுதான் உண்டு. பைய எதையாவது பேசிட்டே இருங்கோ. நிறுத்தப்பிடாது."

நெஞ்சு வலிக்காரரைப் பேச வைக்கச் சொல்லி எந்தப் பாடத்திலும் இல்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை. என்ன பேச என்று கேட்டார். வாயில் வருவதைப் பேசச் சொன்னேன். அவர் வாயில் வந்தது என்ன? வழக்குதான்.

"எங்க அப்பா நட்ட எல்லைக்கல்லு அது. பலா மரத்துக்க மூட்டுல நிண்ணுது. அத கிழக்க தள்ளி வச்சது எனக்க தம்பி."

இப்போதா இந்தப் பேச்சு என்று பகவதியம்மாள் அதட்டினாள். பேசட்டும் என்றேன். அவர் தீனமான குரலில் கல்லிலிருந்து வரப்புக்குப் போனார், வரப்பிலிருந்து பத்திரத்துக்குப் போனார். ஒரு வலி முடிந்து அடுத்த வலி வருவதற்கு இடையில் நந்தனா பல்லைக் கடித்துக்கொண்டு தலையைத் தூக்கினாள்.

"எனக்க மாமனாரு ஒண்ணும் தள்ளி வைக்கல்ல. சர்வேயர் அளந்து நட்டது."

"எந்த சர்வேயரு? உங்க வீட்டுல சோறு தின்னவனா?"

"உங்க வீட்டுலயுந்தான் காப்பி குடிச்சான்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இத்தனை வருஷம் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காதவர்கள், ஒருவர் மூச்சுத் திணறலிலும் ஒருவர் இடுப்பு வலியிலுமாக, சர்வேயர் குடித்த காப்பிக்குச் சண்டை போடுகிறார்கள். சண்டையாக இருந்தால் என்ன, பேச்சுதானே. பெரியவர் குரல் கேட்கிற வரைக்கும் அவர் இருக்கிறார். இவள் பதில் சொல்கிற வரைக்கும் இவளுக்குத் தெம்பு இருக்கிறது. சண்டை நடக்கட்டும் என்று கர்த்தரை வேண்டிக்கொண்ட ஒரே ஆள் உலகத்திலேயே நானாகத்தான் இருப்பேன்.

தலை முழுதாக வந்துவிட்டது. நந்தனாவின் தோளைப் பிடித்துக்கொள்ள எனக்கு ஒரு ஆள் வேண்டும். பகவதியம்மாளைப் பார்த்தேன். அவள் இரண்டு கையாலும் கணவரின் கையைப் பிடித்திருந்தாள். விட்டால் அவர் போய்விடுவாரோ என்கிற பயம் அந்த முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. விடச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. பெரியவர்தான் தம் கையை உருவிக்கொண்டார்.

"அங்க போ. நான் எங்க போயிருவேன்? இங்கதான இருக்கேன்."

பகவதியம்மாள் எழுந்து வந்தாள். நந்தனாவின் தலைமாட்டில் நின்று அவள் தோளைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். முக்கு மக்கா, முக்கு என்று அவள் சொல்லச் சொல்ல, நந்தனா அத்தை அத்தை என்று அலறினாள். அந்த ஒற்றை வார்த்தைக்குப் பகவதியம்மாளின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. பின்னால் பெரியவர் கோர்ட் வக்கீலைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளை என் கையில் வந்து விழுந்தது. ஆண் பிள்ளை.

அது அழவில்லை.

நீலம் பாரித்துத் துணியைப் போலக் கிடந்தது. வாயைத் துடைத்தேன், மூக்கை உறிஞ்சி எடுத்தேன், கவிழ்த்து முதுகைத் துணியால் தேய்த்தேன். சத்தம் இல்லை. அப்போதுதான் கவனித்தேன், என் முதுகுக்குப் பின்னாலும் சத்தம் இல்லை. வக்கீல் இல்லை, சர்வேயர் இல்லை, ஒன்றும் இல்லை.  திரும்பினால் பிள்ளை போய்விடும், திரும்பாவிட்டால் அவர் போய்விடுவார். இந்த வேலையில் நான் அப்படிப் பயந்ததில்லை. உள்ளங்காலைத் தட்டினேன், மறுபடியும் முதுகைத் தேய்த்தேன், அழுடா, அழுடா என்று கெஞ்சினேன்.

பூனைக்குட்டி போல ஒரு சத்தம் வந்தது. பிறகு வண்டியே அதிர்கிற மாதிரி அழுதான்.

அவனைத் துடைத்து நந்தனாவின் நெஞ்சில் போட்ட கையோடு திரும்பினேன். பெரியவர் உட்கார்ந்த இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். கண்ணீர் வழிந்து ஆக்ஸிஜன் குழாயின் மேல் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் அவர் பேஷண்ட் என்பதே மறந்துபோயிற்று. ஏன் பேச்சை நிறுத்தினீர்கள் என்று கத்தினேன்.

"பிள்ளை அழுவுதான்னு செவி குடுத்துட்டு இருந்தேன் மக்ளே."

 கொடியைக் கட்டி வெட்டும் சாக்கில் குனிந்து நானும் கொஞ்சம் அழுதுகொண்டேன். முன் கண்ணாடித் தடுப்பில் ராஜகுமாரின் முகம் ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் முதலில் பிள்ளையைப் பார்த்தான், அப்புறம் பெரியப்பாவைப் பார்த்தான், பெரியப்பா தலையை அசைத்த பிறகுதான் உட்கார்ந்தான். அண்ணன் வண்டியை எடுத்தார்.

மெடிக்கல் காலேஜில் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். பெரியவரை இருதயப் பிரிவுக்கும் தாயையும் பிள்ளையையும் பிரசவ வார்டுக்கும் கொண்டுபோனார்கள். பகவதியம்மாள் நடுவழியில் நின்று எந்தப் பக்கம் போவது என்று தடுமாறினாள். ராஜகுமார் அவளிடம், நீங்க நந்தனாகிட்ட இருங்க, நான் பெரியப்பாகூடப் போறேன் என்று சொல்லிவிட்டு ஓடினான். இது எனக்குப் பிறகு வார்டு நர்ஸ் சொன்னது. நாங்கள் அதற்குள் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தோம். அண்ணன் அந்தக் காலை இட்லியைப் பிரித்துப் பாதியை எனக்குக் கொடுத்தார். எல்லாரும் பிழைத்துக்கொண்டார்கள் என்று மறுநாள் தகவல் வந்தது.

மழைக்காலம் வந்தது. ஒருநாள் பைக்கோடு சானலில் விழுந்துவிட்ட ஒருவனுக்காக அழைப்பு. கட்டுப்பாட்டு அறையில் அடையாளத்தை வாசித்தார்கள். சானல்கரை வளைவு, ராஜகுமார் வீட்டுக்கு அடுத்த வீடு. கூப்பிட்டது யார் என்று கேட்டேன். பகவதியம்மாள் என்றார்கள். அண்ணன் சாவியைத் திருகுவதற்கு முன் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

போனோம். மதில் அப்படியே நின்றது, கண்ணாடிச் சில்லும் அப்படியே இருந்தது. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பைக்கில் வந்தவனுக்குக் கை முறிந்திருந்தது, மற்றபடி சேதம் இல்லை. பகவதியம்மாள் வீட்டு வராந்தாவில் அவனைப் பெஞ்சில் உட்காரவைத்து, நந்தனா பால் இல்லாத கட்டங்காப்பி கொடுத்துக்கொண்டிருந்தாள். முத்துக்குமாரசாமியின் மடியில் பையன் அவர் மீசையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிடந்தான். அஞ்சு பக்கத்தில் நின்று, இழுக்காதே என்று தம்பியை மிரட்டினாள். நான் கைக்குக் கட்டுப் போட்டு முடித்துவிட்டு, வழக்கு முடிந்துவிட்டதா என்று பகவதியம்மாளிடம் மெதுவாகக் கேட்டேன்.

"அது எங்க முடிய? அதுபாட்டுக்கு நடக்கு. வியாழக்கிழமை வாய்தா."

என் மூக்கு நுனி சிவக்க ஆரம்பித்தது. அன்றைக்கு அவ்வளவு பாடுபட்டது இதற்குத்தானா என்று வாயைத் திறக்கப் போனேன். பகவதியம்மாள் பையனின் கையிலிருந்து மீசையை விடுவித்துக்கொண்டே சொன்னாள்.

"நெஞ்சு சரியில்லாத மனுசன கோர்ட்டுக்குத் தனியா விட முடியுமா? ராஜகுமார்தான் கூட்டிட்டுப் போறான். ரெண்டு பேரும் ஒரே ஆட்டோவுலதான்."